லேடாங் மலையும் ஏழு நண்பர்களும்

சிகாமட்டிலிருந்து தங்காக் வழியாக மூவாருக்குப் போகும் சாலையில் ஒருமுறையாவது பயணம் செய்தவர்கள் அந்த மலையைப் பார்த்திருப்பார்கள். செம்பனை மரங்களின் தலைக்கு மேலே நீல நிறத்தில், தோளில் ஒரு மேகத்துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கும். அதுதான் குனோங் லேடாங். உயரம் 1,276 மீட்டர். நம் ஜொகூர் மாநிலத்தின் மிக உயர்ந்த மலை அதுவே.

அந்தப் பக்கத்துத் தோட்ட மக்களுக்கு லேடாங் மலை ஒரு பஞ்சாங்கம் மாதிரி. மலை முக்காடு போட்டுக்கொண்டால், "இன்றைக்குப் பால் வெட்ட முடியாது, மழை வரும்" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். காலையில் பெரட்டுக்குப் போகும்போதும் மாலையில் பந்து விளையாடும்போதும் பிள்ளைகளின் கண்ணில் அந்த மலைதான் படும். ஆனால் அதன் மேல் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து ஏறுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்து ஏறுகிறார்கள். அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்த நம்மவர்களோ, "அதெல்லாம் நமக்கெதற்கு?" என்று இருந்துவிடுகிறோம். நமக்கும் அது ஆகும், முறைப்படி தயார் செய்துகொண்டால் நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் ஆகும் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இளவரசி கேட்ட பட்டியல்

லேடாங் மலை என்றதும் மலாய் நண்பர்கள் முதலில் சொல்வது இளவரசியின் கதையைத்தான். மலாக்காவை ஆண்ட சுல்தான் மாமுட், லேடாங் மலையில் வாழ்ந்த இளவரசியை மணக்க விரும்பித் தூது அனுப்பினாராம். அவளோ ஒரு பட்டியல் கொடுத்தாள். மலாக்காவிலிருந்து மலை வரைக்கும் பொன்னால் ஒரு பாலம், வெள்ளியால் ஒரு பாலம். கொசுவின் நெஞ்சு ஏழு தட்டு. கண்ணீர் ஒரு தாழி. இன்னும் இப்படிச் சில. கடைசியாகச் சுல்தானின் மகனுடைய இரத்தம் ஒரு கிண்ணம் வேண்டும் என்றாள். பிள்ளையின் இரத்தத்தைக் கொடுக்க மனமில்லாமல் சுல்தான் ஆசையை விட்டுவிட்டார் என்பது கதை.

கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். ஆனாலும் இந்த மலைக்குப் போகிறவன் கையில் பட்டியல் இல்லாமல் போகக்கூடாது என்று அந்த இளவரசி அன்றே சொல்லி வைத்ததாகத்தான் எனக்குத் தோன்றும்.

பட்டியலில் முதலிடம் தண்ணீருக்கு. இதற்கும் ஒரு சான்று இருக்கிறது. ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கில அறிஞர் 1854-ஆம் ஆண்டில் மலாக்காவிலிருந்து வந்து இந்த மலையில் ஏறினார். அக்காலத்து ஆங்கிலேயர்கள் இதை ஓஃபீர் மலை என்று அழைத்தார்கள். உயிரினங்கள் எப்படி மாறி வளர்கின்றன என்ற கொள்கையை டார்வினுக்கு ஈடாகத் தாமே கண்டறிந்தவர் இந்த வாலஸ். அவரும் கூட வந்த மலாய்க்காரர்களும் பாடாங் பத்து என்ற பாறை வெளியை அடைந்தபோது எல்லாருக்கும் நாக்கு வறண்டுவிட்டது. அங்கே தண்ணீர் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். தேடிப் பார்த்தால் ஒரு சொட்டும் இல்லை. பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள் அங்கே நிறைய இருந்தன. கடைசியில் அந்தக் குடுவைகளுக்குள் தேங்கியிருந்த நீரை, செத்த பூச்சிகள் மிதந்ததையும் பொருட்படுத்தாமல் குடித்துத்தான் தாகம் தீர்த்தார்கள். வெதுவெதுப்பாக இருந்தாலும் குடிக்க நன்றாகவே இருந்தது என்று 1869-இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய அறிஞருக்கே அந்த நிலை என்றால், நாம் ஆளுக்கு மூன்று லிட்டராவது சுமந்துகொண்டு போவதில் வெட்கம் என்ன?

ஏழு பேர் சேர்ந்த கதை

நாங்கள் ஏழு பேர். ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை போட்டபோது வேலை குறைந்தது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. இன்று ஒருவர் லாரி ஓட்டுகிறார். ஒருவர் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். ஒருவர் குளுவாங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். ஒருவர் மின்சார வேலை, ஒருவர் முடிதிருத்தும் கடை. ஒருவர் மட்டும் தோட்டத்திலேயே இருந்து மண்டோர் ஆனார். நான் தோட்டப் பள்ளியில் ஆசிரியன்.

ஒருவருடைய தாயார் காலமானபோது ஏழு பேரும் ஒன்றாகக் கூடினோம். காரியம் முடிந்து வெளியே நின்றிருந்தபோது மண்டோர் நண்பர் கேட்டார்: "ஏன்டா, இனி நாம சாவு வீட்டுல மட்டும்தான் பார்த்துக்கணுமா?" யாரும் பதில் சொல்லவில்லை. அவரே மலைப் பக்கம் கையைக் காட்டி, "சின்னப் பிள்ளையில இருந்து பார்த்துக்கிட்டே இருக்கோம். வருஷத்துக்கு ஒரு தடவை அதுல ஏறுவோமே" என்றார். அன்று தொடங்கியதுதான் எங்கள் மலைப் பயணம்.

மூன்று மாதத் தயாரிப்பு

மலைக்குப் போவதற்குக் காலம் பார்க்க வேண்டும். நவம்பர் தொடங்கி மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தைச் சிகாமட், மூவார், கோத்தா திங்கி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச் மாதத்து வெள்ளத்தையும் நாம் பார்த்தோம். அந்த மாதங்களில் மலை ஆறுகளை நம்பக்கூடாது. மேலே எங்கோ பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே சுவர் போல இறங்கி வரும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். தண்ணீரின் தலை என்று பொருள். ஆற்று நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, சாமான்களைப் பற்றி யோசிக்காமல் கரையேறிவிட வேண்டும். ஆகவே நாங்கள் ஆண்டின் நடுவில், மழை சற்றுக் குறைந்த வாரங்களையே தேர்ந்தெடுப்போம். அதற்கு மூன்று மாதம் முன்னதாகத் தயாரிப்பு தொடங்கிவிடும்.

முதலில் உடம்பு. வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேர நடை. பிறகு அதே நடை, முதுகில் ஐந்து கிலோ அரிசி மூட்டையுடன். தோட்டத்தில் இருப்பவர்களுக்குச் செம்பனைக் காட்டு மேடுகளே பயிற்சிக் களம். குளுவாங் நண்பருக்கு ஊருக்குப் பக்கத்திலேயே 510 மீட்டர் உயரமுள்ள குனோங் லம்பாக் இருக்கிறது. சிங்கப்பூருக்குப் போகிறவருக்கு நேரம் கிடையாது. அவர் அடுக்குமாடி வீட்டில் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியேறினார்.

அடுத்தது பொருள். இங்கேதான் நம் தோட்ட மக்கள் பெருமைப்பட வேண்டும். பால்வெட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிறோமே, அந்தக் கறுப்பு ரப்பர்க் காலணி, அதைத்தான் 'அடிடாஸ் கம்போங்' என்று செல்லப் பெயர் வைத்து மலையேறிகளும் காட்டோட்டக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். விலை மலிவு, சேற்றில் வழுக்காது, நனைந்தாலும் சீக்கிரம் உலரும். நெற்றியில் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் வெட்டும் விளக்கும் அப்படித்தான். மலையில் இருட்டிவிட்டால் இரண்டு கையும் வேர்களைப் பிடிக்க வேண்டும், கைவிளக்கு உதவாது. இருட்டில் பால்வெட்டிய நம் தாய் தந்தையருக்கு மலையேறும் கலையில் பாதி தெரிந்திருக்கிறது. நாம்தான் அதை உணரவில்லை.

இவற்றோடு மழைச்சட்டை, பிளாஸ்டிக் பையில் கட்டிய ஒரு மாற்று உடுப்பு, விசில், உப்பு, காயத்துக்கு மருந்து, காலை கட்டும் துணிப்பட்டி. அட்டைக் கடிக்குப் பயப்பட வேண்டாம். இழுத்துப் பிடுங்காமல் நகத்தால் மெல்ல நகர்த்தி எடுத்தால் போதும். மாற்று உடுப்பை மட்டும் யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். உச்சியில் அடிவாரத்தைவிட ஏழெட்டு டிகிரி குளிர் அதிகம். நனைந்த துணியோடு காற்றில் நின்றால் நம் வெப்ப நாட்டிலும் உடம்பு விறைத்துப் போகும்.

மூன்றாவது, விதிமுறை. லேடாங் மலை இன்று ஜொகூர் தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருக்கிறது. பெயரைப் பதிந்து, வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும். இதைச் செலவு என்று நினைக்கக்கூடாது. யார் மேலே போனார்கள், யார் திரும்பினார்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரிந்திருப்பதுதான் நம் உயிருக்கு உத்தரவாதம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான தயாரிப்பு ஒன்று உண்டு. அதை மண்டோர் நண்பர்தான் ஏற்படுத்தினார். போவதற்கு ஒரு மாதம் முன் தங்காக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஏழு பேரும் கூடினோம். "சாமான் கணக்கு அப்புறம். ஒவ்வொருத்தன் உடம்புலயும் என்ன இருக்கு, அதைச் சொல்லுங்கடா முதல்ல" என்றார். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு இரத்த அழுத்தம். எனக்கு உயரத்தில் நின்று கீழே பார்த்தால் தலை சுற்றும். லாரி நண்பர் மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு இனிப்புநீர் இருக்கு. மூணு வருஷமா மாத்திரை போடுறேன். வேலை போயிடுமோன்னு யாருக்கும் சொல்லல" என்றார். நம் சமூகத்தில் இனிப்புநீர் இல்லாத குடும்பம் அரிது. அதை வெளியே சொல்லும் குடும்பமும் அரிது. மறுவாரமே அவர் மருத்துவரைப் பார்த்தார். மாத்திரை போட்டுக்கொண்டு கடுமையாக நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம், நடுக்கமும் வியர்வையும் வரும், உடனே இனிப்பு கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். அதை அவர் எங்கள் ஆறு பேருக்கும் சொல்லி வைத்தார்.

பனிமலைக்காரர்களின் வழக்கம்

குளிர் நாடுகளிலும் இப்படிக் கூட்டாகத்தான் தயாராகிறார்கள். கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் பனிக்காலம் வந்தால், ஸ்னோமொபைல் என்னும் சறுக்கு மோட்டாரில் நண்பர்கள் கூட்டமாக மலைக் காடுகளுக்குள் போவார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் பட்டை. பனியின் மேல் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் சுற்றுலாப் பயணிகள் இதில் ஏறுகிறார்கள்.

பனிமலையில் பெரிய ஆபத்து பனிச்சரிவு. அதற்காக ஒவ்வொருவரும் மூன்று பொருள்களை உடம்போடு வைத்திருப்பார்கள்: புதைந்தாலும் இருக்குமிடத்தைக் காட்டும் ஒரு சிறு வானொலிக் கருவி, குத்திப் பார்க்க மடக்குக் கம்பி, தோண்டுவதற்கு மண்வாரி. இந்த மண்வாரி தன்னைத் தோண்டிக்கொள்வதற்கு அல்ல. பக்கத்தில் வந்தவனைத் தோண்டி எடுப்பதற்கு. பனியில் புதைந்தவன் பிழைக்கும் வாய்ப்பு சுமார் கால் மணி நேரத்துக்குள் மளமளவென்று குறைந்துவிடும். மீட்புப் படை வந்து சேர அந்த நேரம் போதாது. ஆகையால் பருவம் தொடங்கும் முன்பே, கருவியைப் பனியில் புதைத்து வைத்துக் கண்டுபிடிக்கும் பயிற்சியை நண்பர்கள் கூடிச் செய்வார்கள். தன் உயிரைக் கூட வருகிறவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் அங்கே மலைக்குப் போகிறார்கள். நமக்குப் பனி இல்லை, பாடம் அதேதான்.

உச்சிக்கு முன்னால் திரும்பியது

முதல் ஆண்டு சாகில் பக்கத்திலிருந்து விடியற்காலையிலேயே ஏறத் தொடங்கினோம். அருவியின் ஓசை கொஞ்ச தூரம் வரைக்கும் கூடவே வந்தது. பிறகு வேர்களே படிகளான செங்குத்துப் பாதை. சில இடங்களில் ஏணி. சில இடங்களில் கயிறு. மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, அவர் வேகத்திலேயே எல்லாரும் நடந்தோம்.

உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும் என்று வழிகாட்டி சொன்ன இடத்தில் லாரி நண்பர் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை, கைகள் நடுங்கின. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். பட்டறைக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. கையில் தயாராக வைத்திருந்த குளுக்கோஸ் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் லாரி நண்பருக்குத் தெளிவு வந்தது, பிஸ்கட் கொடுத்தோம். ஆனால் மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

சிங்கப்பூர் நண்பர் சொன்னார்: "அவன்கூட ரெண்டு பேர் இருங்க. நாங்க சட்டுன்னு ஏறிட்டு வந்துடுறோம். நான் லீவு எடுக்க என்ன பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியாது." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று மாதம் படியேறிய மனிதர். ஒரு மணி நேரத் தூரத்தில் உச்சி. யாருக்குத்தான் மனம் வரும்?

லாரி நண்பரே, "போங்கப்பா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார்.

மண்டோர் நண்பர் பையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார். "ஏழு பேர் பேர் எழுதிட்டு ஏறினோம். ஏழு பேராத்தான் இறங்கணும்" என்று சொல்லிவிட்டு, கீழ்நோக்கி முதல் அடியை வைத்தார். வழிகாட்டியும் தலையசைத்தார்.

அரை மணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஏறி வந்த பாதை ஓடையாயிற்று. கயிறு கட்டிய பாறையில் லாரி நண்பரின் கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. மேலே இரண்டு பேர் அவரைத் தாங்க, கீழே இரண்டு பேர் நின்று அவர் பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு பள்ளத்திலும் வைக்க, அப்படித்தான் அவரை இறக்கினோம். இரண்டு பேர் மட்டும் அவரோடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எல்லாருக்கும் விளங்கியது. கீழே நின்று பாதத்தைப் பிடித்து வைத்தவர்களில் ஒருவர், அந்தச் சிங்கப்பூர் நண்பர். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடிவாரத்துக் கடையில் தேநீர் குடித்துவிட்டுக் காசு கொடுக்கப் போனபோது, எல்லாருக்கும் சேர்த்து அவர் ஏற்கெனவே கொடுத்திருந்தார்.

இரண்டு தமிழர்கள்

மலையைப் பற்றிப் பேசும்போது இரண்டு பெயர்களை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். 1997-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், 8,848 மீட்டர் உயரமுள்ள எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாகக் கால் பதித்த மலேசியர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாஸும். இருவரும் நம்மவர்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன். கூடவே இன்னொன்றையும் சொல்வேன். உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் சிலரே. சுமை தூக்கிய ஷெர்ப்பாக்கள், கீழ் முகாமில் காத்திருந்த தோழர்கள், உச்சிவரை போகாமலே உழைத்தவர்கள் என ஒரு பெரிய கூட்டம் அவர்களுக்குப் பின்னால் இருந்தது.

மறு ஆண்டு நாங்கள் ஏழு பேரும் லேடாங் உச்சியைத் தொட்டோம். லாரி நண்பர் இம்முறை மருத்துவர் சொன்னபடி நேரத்துக்குச் சாப்பிட்டு, நிதானமாக முன்னால் நடந்தார். மேகம் விலகியபோது கீழே நாலா பக்கமும் பச்சைப் பாயாகச் செம்பனை. வெகு தொலைவில் மலாக்கா நீரிணை ஒரு வெள்ளிக் கோடு. நம் லயம் எங்கே இருந்தது என்று ஏழு பேரும் விரலை நீட்டித் தேடினோம். ஒருவர் அங்கே என்றார். ஒருவர் இங்கே என்றார். அடையாளம் சொல்ல ஒரு கூரைகூட இல்லை. மண்டோர் நண்பர் கொண்டுவந்த புளிச்சோற்றை ஏழு பங்காக்கித் தின்றோம்.

வாசக அன்பர்களே, உங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு மலை இருக்கும். சிதறிப்போன நண்பர்களும் இருப்பார்கள். போவதென்று முடிவு செய்தால் முதலில் கூடிப் பேசுங்கள். உடம்பில் உள்ளதை மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்து என்றால் 999 எண்ணை அழையுங்கள். ஆற்றில் இறங்கி வந்த பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், காட்டாற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சலாக இருக்கக்கூடும். வானம் கறுத்தால் திரும்புங்கள். மலை எங்கேயும் போய்விடாது. அடுத்த ஆண்டும் அங்கேயேதான் நிற்கும். கூட வந்தவன் அப்படியல்ல.